கொறங்காட்டுக் குறிப்புகள்

புல் விதைக்கப் போகிறேன், எந்தப் புல் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: சித்திரையில் உங்கள் காடு எப்படி இருக்கும்? ஐப்பசியில் எல்லார் காடும் பச்சைதான். காங்கயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தீர்ந்துவிடும். தென்மேற்குப் பருவமழையை மேற்குமலை மறித்துவிடுகிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக இங்கே வந்து சேருவது பெரும்பாலும் காற்றுதான். மேல்மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது உறிஞ்சிவிடும். ஆகவே இங்கே மேய்ச்சலுக்குப் புல் தேர்கிறவர் மழை இல்லாத மாதங்களை முன்னால் வைத்துத்தான் தேர வேண்டும். எத்தனை டன் விளையும் என்ற கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

*

இந்த வட்டாரம் அதற்குக் கண்ட வழி கொறங்காடு. பட்டா நிலம், சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். வேலி, புல், மரம் மூன்றும் சேர்ந்தால்தான் கொறங்காடு. பத்து ஏக்கர் இருந்தாலும் ஒரே வெளியாக விடமாட்டார்கள். இரண்டு மூன்றாகத் தடுத்து வேலி போட்டிருப்பார்கள். ஒன்றில் மேயும்போது இன்னொன்று ஆறும். காலையில் படலைத் திறந்து உள்ளே விட்டுவிட்டால் மாடு தன்பாட்டுக்கு மேயும், பின்னாலேயே நிற்க ஆள் வேண்டாம். பல காடுகளில் இரவும் அங்கேயேதான்.

பொது மேய்ச்சல் புறம்போக்குக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் இந்த ஆற விடுவதுதான். புறம்போக்கில் முதல் பச்சை தெரிந்த அன்றே ஊரில் உள்ள ஆடுமாடு அத்தனையும் இறங்கிவிடும். அங்கே எந்த நல்ல புல்லும் நிற்காது.

பழையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் காங்கயம் மாட்டினத்தைத் தேர்ந்து வளர்த்தது இப்படிப்பட்ட மேய்ச்சலை நம்பித்தான். அந்தக் காளைகளின் கதையைச் சொல்கிறவர்கள் நிறையப் பேர். காளைக்குக் கீழே இருந்த புல்லையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

*

கொழுக்கட்டைப்புல்லின் ஒரு தூரைக் கையால் விலக்கிப் பாருங்கள். தாள் மண்ணைத் தொடுகிற இடத்தில் கணுக்கணுவாகத் தடித்துக் கெட்டியாக இருக்கும். புல்லின் சேமிப்பு அங்கேதான் இருக்கிறது. இலை வெயிலில் செய்த மாவுச்சத்தை அந்த அடித்தண்டில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. மேலே எல்லாம் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்த பின்னும் அந்த அடி உயிரோடு இருக்கும். கோடை மழை ஒன்று நன்றாக நனைத்துவிட்டால் போதும், கணுவிலிருந்து குருத்து குத்திக்கொண்டு கிளம்பும். ஆழமான மண்ணாக இருந்தால் வேர் ஆறடி வரைக்கும் இறங்கும்.

எவ்வளவு மேய்ந்தாலும் தாங்கும் என்று இந்தப் புல்லைப் பற்றிச் சொல்வார்கள். மேல்தாளைப் பொறுத்தவரை அது உண்மை. அடித்தண்டைக் கரண்டிவிட்டால் தாங்காது. அரைச் சாண் உயரமாவது நிற்க வேண்டும். மாடு நாக்கைச் சுழற்றிப் பிடித்து இழுத்துக் கிழிக்கிறது, அடி தப்பிவிடும். செம்மறி வாயை மண்ணோடு வைத்து நறுக்குகிறது. அதனால் மாட்டை முன்னே விட்டு ஆட்டைப் பின்னே விடுவது முறை. ஆட்டை வெளியே எடுக்கும் நாளைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

*

மூலனூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னது:

"மொத மழைக்கு மொளைக்கற புல்லுல வாய் வெக்க உட்டீனா அந்த வருசத்துக்கே புல்லு இல்ல கண்ணு. பூட்டை வரட்டும். அப்பறம் படலைத் தொற."

பூட்டை என்றால் கதிர். அவர் சொன்னதற்குப் பயிரியல் காரணம் நேரானது. முதல் குருத்து வருவது பழைய சேமிப்பைச் செலவழித்து. அந்த இலை விரிந்து, வெயில் வாங்கி, எடுத்ததைத் திருப்பிக் கட்டுவதற்கு மூன்று நான்கு வாரமாவது ஆகும். அதற்குள் கடித்துவிட்டால் அடித்தண்டு காலியாகிவிடும். இரண்டு வருடம் இப்படிச் செய்தால் கொழுக்கட்டை போய் ஊசிப்புல்லும் துடைப்பம்புல்லும் வந்து உட்காரும். ஊசிப்புல்லின் விதை செம்மறியின் தோலுக்குள்ளேயே ஏறிவிடும். ஒரு காட்டில் ஊசிப்புல் கூடுகிறது என்றால் அங்கே மேய்ச்சல் மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கஷ்டம் என்னவென்றால், மாதக்கணக்கில் காய்ந்ததையே தின்ற மாடு வேலிக்கு அந்தப்புறம் பச்சையைக் கண்டதும் நிற்காது. அந்தச் சில வாரங்களுக்கென்றே பண்ணையத்தில் ஒரு சோளத்தட்டுப் போரைத் தொடாமல் வைத்திருப்பார்கள். கொறங்காட்டின் உயிர் அந்தப் போரில்தான் இருக்கிறது. போர் இல்லாதவரால் படலைச் சாத்தி வைக்க முடியாது.

*

கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அதாவது எல்லோரும் கோ-4, கோ-5 என்று கரணை வாங்கி நடுவது, நல்ல தீவனம். அதில் எனக்கு மறுப்பில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கும் மேல். முதல் அறுப்புக்குப் பிறகு 45 நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். கறவை மாட்டைக் கட்டுத்தரையில் கட்டிப் போட்டு வளர்ப்பவருக்கு அதைவிடத் தோதான புல் கிடையாது.

ஆனால் அது அறுத்துப் போடுகிற புல். மாட்டை உள்ளே விட்டால் தின்பதைவிட மிதிப்பது அதிகம், தூரும் உடையும். அத்தோடு தண்ணீர் நிற்காமல் பாய வேண்டும். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. கிணறு வற்றிய தோட்டங்களில் முதலில் காய்ந்தவற்றில் இந்த ஒட்டுப்புல்லும் ஒன்று. கொறங்காடும் அந்த வருடம் வெறும் தரையாகத்தான் கிடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. அடிமாட்டு விலைக்கு எத்தனையோ மாடுகள் போயின. ஆனால் அளவாக மேய்த்திருந்த காடுகளில் அடுத்த நல்ல மழைக்குத் தூர் தழைத்துவிட்டது. புதிதாக விதை வாங்க வேண்டியிருக்கவில்லை, உழ வேண்டியிருக்கவில்லை. மேய்ச்சல் புல்லின் தரத்தைக் கெட்ட வருடத்துக்கு அடுத்த வருடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

*

புல்லை மட்டும் பார்த்தால் கொறங்காடு புரியாது. ஆண்டு முழுவதையும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழைக்குத் தூர் தழைக்கும். கூடவே நரிப்பயறும் செப்பு நெருஞ்சியும் தரையோடு படரும். இரண்டும் பயறு இனம், மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், ஆட்டுக்கும் பிடிக்கும். கார்த்திகை, மார்கழியில் கொழுக்கட்டை பூட்டை விடும். தையில் விதை உதிரும். அப்போது மாடு உள்ளே இருந்தால் குளம்பே விதையை மண்ணில் அமுக்கிவிடும். மாசிக்கு மேல் தாள் காய்ந்து நிற்கும்.

இளம்புல்லில் பத்து விழுக்காட்டுக்கு மேல் புரதம் இருக்கும். காய்ந்து முற்றிய தாளில் அது நான்கு, ஐந்துக்கு இறங்கிவிடும். மாட்டின் முதல் வயிற்றில் நாரைச் செரிக்கிற நுண்ணுயிர்களுக்குத் தீவனத்தில் ஏழு விழுக்காடு அளவுக்காவது புரதம் வேண்டும். அதற்குக் கீழே போனால் அவை சுணங்கிவிடும். செரிமானம் மெதுவாகும், வயிறு காலியாகாது, மாடு தின்பதையே குறைத்துக்கொள்ளும். முன்னால் காய்ந்த புல் மலைபோல் கிடந்தாலும் மாடு மெலிவது இதனால்தான்.

இந்த இடத்தில்தான் வெள்வேலம் உதவிக்கு வருகிறது. பங்குனி, சித்திரையிலிருந்து அதன் காய் முற்றி உதிர ஆரம்பிக்கும். காயில் புரதம் இருக்கிறது. காய்ந்த தாளோடு நாளுக்குக் கொஞ்சம் வேலங்காயும் உள்ளே போனால் நுண்ணுயிர்கள் மறுபடி வேலை செய்யும், அந்தத் தாளே செரிக்கும். மரத்தடியில் செம்மறிகள் கூட்டமாக நின்று காய் பொறுக்குவதைப் பார்த்தால் நிழலுக்கு நிற்கின்றன என்றுதான் தோன்றும். சற்று நேரம் நின்று கேட்டால் காய் நொறுங்குகிற சத்தம் கேட்கும். கடினத்தோல் விதை வயிற்றுக்குள் போய்வந்ததில் இளகிப் புழுக்கையோடு விழும், அடுத்த மழையில் முளைக்கும். வெள்வேலத்தைப் பெரும்பாலும் யாரும் நடுவதில்லை, ஆடுதான் நடுகிறது. முளைத்ததில் எதை விடுவது, எதை வெட்டுவது என்பது மட்டும் காட்டுக்காரரின் வேலை. நிழல் நெருங்கிவிட்டால் புல் மெலியும். மரங்களுக்கு நடுவே வெயில் தாராளமாக விழ வேண்டும்.

புல் தேர்வு என்று பேசும்போது மரத்தை விட்டுவிடுகிற புத்தகங்கள் எனக்கு அரைகுறையாகத்தான் படுகின்றன.

*

கிளுவை. போத்தை வெட்டி ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். நெருக்கமாக ஊன்றி, வருடாவருடம் கவாத்துச் செய்து, இடையில் செத்துப்போன இடத்தில் புதுப்போத்து செருகி வந்தால் ஆடு நுழையாத வேலியாகும். நுழையாத அளவுக்கு அடர வருடங்கள் பிடிக்கும். வெட்டின தழை வெள்ளாட்டுக்குத் தீவனம். இரண்டு காடுகளின் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேரியில் நடந்தால் ஆடிக் காற்று எவ்வளவு தணிகிறது என்று உடம்புக்கே தெரியும். உள்ளே இருக்கிற புல்லுக்கும் அந்தத் தணிவு கிடைக்கிறது. கம்பிவேலி மாட்டைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

*

மற்ற புற்களைப் பற்றிச் சுருக்கமாக.

கினியாப்புல்: நிழல் தாங்கும். பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு ஏற்றது. ஈரம் வேண்டும். தோப்பில் தண்ணீர் இருந்தால் மேயவும் விடலாம், அறுக்கவும் செய்யலாம். சரளைக் காட்டில் போட்டால் வீண்.

எருமைப்புல்: தண்ணீர் தேங்குகிற இடத்துக்கு. மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீர் பாய்ச்சி வளர்த்தது இந்தப் புல்லைத்தான். கொழுக்கட்டைக்கு நேர் எதிர். கொழுக்கட்டையின் நாற்று தண்ணீர் நின்றால் செத்துப்போகும்.

அருகு: எவ்வளவு கரம்பினாலும் சாகாது, ஆனால் வயிறு நிரம்பாது. வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் சரி.

சோளம்: மேய்ச்சல் புல் என்று சொல்ல முடியாது, ஆனால் மாடு புகுந்துவிடும் என்பதால் எழுதுகிறேன். இளஞ்சோளத்திலும், வெயிலில் வாடிக் குட்டையாக நிற்கிற சோளத்திலும், அறுத்த கட்டையில் துளிர்க்கிற மறுதாம்புக் குருத்திலும் சயனைடு நஞ்சு உண்டாகிறது. பூக்கும் முன் மேய விடக்கூடாது. தின்றுவிட்டு மாடு மூச்சுத் திணறி விழுந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டும். முற்றிய பின் அறுத்துக் காயவைத்த தட்டில் அந்தப் பயம் இல்லை.

*

விதை.

கொழுக்கட்டையின் பூட்டையை உருவினால் கையில் வருவது பஞ்சு மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் ஊதா கலந்த மயிர்களால் ஆன சிறு கூடு, மணி அதற்குள்ளே இருக்கிறது. ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்து, மெல்ல ஊதிப் பார்க்க வேண்டும். கடுகைவிடச் சிறிய மணிகள் கையில் தங்கினால் விதை. எல்லாம் பறந்துவிட்டால் அது வெறும் பொட்டு, எவ்வளவு எடை இருந்தாலும் வாங்கக் கூடாது. சாக்குக் கணக்கில் வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்தால் பாதி ஏமாற்றம் குறையும்.

இன்னொன்று: புது விதை முளைக்காது. நெல்லுக்கும் பயறுக்கும் பழகிய கை புது விதையைத்தான் தேடும். இந்தப் புல்லின் விதை உதிர்ந்ததிலிருந்து ஆறு முதல் எட்டு மாதம் உறங்குகிறது. அந்தந்த வருடத்துக் கோடை மழையில் முளைத்து வெயிலில் கருகிவிடாமல் அடுத்த ஐப்பசிவரை காத்திருக்க அதற்கு அமைந்த வழி அது. தையில் சேர்த்த விதையை நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்தால் புரட்டாசிக்குத் தயாராகிவிடும்.

ஏக்கருக்கு இரண்டரையிலிருந்து மூன்று கிலோ போதும். அப்படியே வீசினால் காற்று கொண்டுபோய் வேலியில் சேர்த்துவிடும். ஈர மணலோடு பிசிறி விதைப்பார்கள். செம்மண்ணும் சாணமும் கலந்து விதையைப் பொதிந்து உருட்டி உலர்த்திப் போடுவது இன்னும் நல்லது, எறும்பும் அவ்வளவு சீக்கிரம் இழுத்துப் போகாது. ஆழம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உழுத சாலில் ஆழமாக விழுந்த விதை மேலே வராது. விதைத்ததும் முள்கட்டை இழுத்தால் போதும்.

பயறு இனம் சேர்க்க நினைத்தால் முயல் மசால். மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை. அதன் விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி சூடுள்ள வெந்நீரில் நான்கு நிமிடம் வைத்து எடுத்து, பச்சைத்தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் முளைப்பு நன்றாக இருக்கும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கொதித்தால் விதை வெந்துவிடும்.

உரம் என்று கொறங்காட்டில் பெரும்பாலும் யாரும் போடுவதில்லை. புதிதாக விதைக்கிற நிலத்தில் மணிச்சத்து கொஞ்சம் இருந்தால் நாற்று வேர் பிடிக்கும். அதற்கு முன்கூட்டியே ஆட்டுப்பட்டி போட்டு வைப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

*

இதே புல் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஒட்டகக்காரர்களின் சேணத்துக்குள் திணித்திருந்த வைக்கோலோடு 19ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். பிறகு ஆப்பிரிக்காவிலிருந்து தேர்ந்த வகைகளைக் கொண்டுபோய்க் குயின்ஸ்லாந்தில் பெரும் பரப்பில் விதைத்தார்கள். அங்கே மாட்டுப் பண்ணைகள் அதை நம்பி நிற்கின்றன, காட்டுத் தாவரங்களைக் காப்பவர்கள் அதை எதிர்க்கிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் தன்னார்வலர்கள் மலைச்சரிவுகளில் ஏறி இந்தப் புல்லை வேரோடு பிடுங்குகிறார்கள். காய்ந்த தூர் தீப்பிடித்தால் தீக்குப் பழகாத சாகுவாரோ கள்ளிகள் கருகிவிடுகின்றன, புல் மட்டும் அடியிலிருந்து மறுபடி தழைத்துவிடுகிறது.

நம் நாட்டில் இது பிறந்த மண்ணிலேயே இருக்கிறது. ராஜஸ்தானிலும் இது தொன்றுதொட்ட மேய்ச்சல் புல். நம் காடுகளில் தை, மாசிக்குள்ளேயே பெரும்பகுதியை மாடு மேய்ந்துவிடுவதால் எரிவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை. ஆனாலும் மேய்ச்சல் திட்டம் என்ற பெயரில் புல் விதையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகும்போது ஒருமுறை யோசிக்க வேண்டும். நீலகிரிப் புல்வெளிகளுக்கு அதனதன் புல் இருக்கிறது. அங்கே போய் வேறெதையும் விதைக்கக் கூடாது.

*

சீமைக்கருவேலும் ஆட்டின் வயிற்று வழியாகவே வருகிறது. வெள்வேலம் வரும் அதே வழி. வெளிக்காட்டில் காய் தின்றுவிட்டு வந்த ஆடு உள்ளே புழுக்கை போட்டால் போதும். மழை முடிந்த ஈரத்தில், கையால் பிடுங்க வருகிற அளவில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். இடுப்பளவு வளர்ந்த பிறகு வெட்டினால் வெட்டின இடத்தில் நான்கு கிளை வரும்.

*

தாராபுரம், மூலனூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் சோலார் பலகை நிற்கிற காடுகளைப் பார்க்கிறேன். விற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மழை பொய்த்து, பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட பிறகு காட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? என் வருத்தம் நிலத்தைச் சமப்படுத்துகிற விதத்தில்தான். பொக்லைன் இறங்கினால் ஒரே நாளில் வேலி, மரம், தூர் எல்லாம் போய்விடுகிறது. காற்றாலை வந்த காடுகளில் அப்படி இல்லை. தூணுக்கும் பாதைக்கும் போக மிச்சத்தில் மாடு மேய்கிறது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சோலார் பலகைக்கு அடியில் செம்மறி மேய்க்கிறார்கள், புல் வெட்டுகிற செலவு அவர்களுக்கு மிச்சம். நம் பக்கத்துச் செம்மறிக்கும் அது முடியும். வேலியையும் அடித்தூரையும் விட்டுவைத்து, பலகையைச் சற்று உயர்த்தி நட வேண்டும் என்று குத்தகை எழுதும்போதே எழுதிக்கொள்ளலாம். நிலம் கொடுக்கிறவர்கள் கேட்டால்தான் அது நடக்கும்.

*

வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் பாட்டன் காட்டை மறுபடி மேய்ச்சலாக்க ஒரு தம்பி முயல்கிறார். வேலி பாதிதான் இருக்கிறது. கையில் நாலைந்து மாடும் கொஞ்சம் ஆடும். "முதல் வருசம் எத்தன மாடு உடலாமுங்க?" என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது.

அவருக்கு எழுதிக் கொடுத்தது இது. முதலில் வேலி, ஆடிக்குள் போத்து ஊன்றி முடிக்க வேண்டும். புரட்டாசிக் கடைசியில் போன வருடத்து விதை. ஐப்பசி, கார்த்திகையில் களையைப் பார்த்துக்கொண்டால் போதும். தையில் விதை உதிர்ந்த பிறகு காய்ந்த தாளை மேலோட்டமாக அறுத்துப் போட்டுக்கொள்ளலாம், மாடு உள்ளே வேண்டாம், தூர் இன்னும் மண்ணைப் பிடித்திருக்காது, இழுத்தால் வேரோடு வரும். இரண்டாம் வருடம் பூட்டை வந்த பிறகு மாடு மட்டும். ஆடு மூன்றாம் வருடம். அதுவரைக்கும் ஒரு ஏக்கரில் சோளம் போட்டுத் தட்டு சேர்த்துவைக்கச் சொல்லியிருக்கிறேன்.